ஏழு நாய், ஆறு நாக்கு

1964 மே 11, திங்கட்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். ஐஸ் பாக்டரியின் பின்வாசலில் நாய்கள் ஏழு. எறிந்த சூப்பு ஐஸ் ஏழு. நக்கியவை ஆறு.

முதலாளி, இந்தக் கணக்கின் முழு அர்த்தம் திண்டுக்கல்லில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் நீங்கள். உங்களை மூன்று வாரத்துக்கு முன்னால் பேகம்பூரில் குழியில் இறக்கி மண் தள்ளியாயிற்று. மற்றவன் நான். வெயிலில் ஐஸை நக்காத நாய்க்கு வெறி பிடித்திருக்கிறது என்பது உங்கள் சட்டம். அந்தச் சட்டம் சரியா தப்பா என்று நாம் சண்டை போட்டு முடிப்பதற்குள் நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். உயிரோடு இருப்பவர்களில் கேட்பதற்கு ஆள் இல்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

இறந்தவருக்கு எழுதினால் நல்லதாக நாலு வார்த்தை எழுதுவார்கள். என்னிடம் அது கிடைக்காது. உங்களை எனக்குப் பிடிக்காது. என்னையும் உங்களுக்குப் பிடிக்காது. ஐந்து வருடம் அப்படியே ஓடியது, கம்ப்ரசரும் கூடவே ஓடியது. ஆயுள் முழுக்க ஐஸ் விற்ற மனிதர் நீங்கள். சித்திரை வெயிலில் காலையில் செத்து, சாயங்காலத் தொழுகைக்கு முன்னால் மண்ணுக்குள் போய்விட்டீர்கள். உங்கள் உடம்புக்கு ஒரு பார் ஐஸ் கூடத் தேவைப்படவில்லை. நான் எடுத்துத் தயாராகத்தான் வைத்திருந்தேன். மரத்தூளுக்குள்ளேயே கரைந்து வாசலில் ஓடியது.

என் மேஜைமேல் இப்போது இரண்டு பொருள் இருக்கின்றன. ஒன்று உங்கள் வீட்டுத் தூக்குவாளி. உங்கள் வீட்டம்மா இத்தாவில் இருக்கிறார். நாலு மாதம் பத்து நாள் வெளியே தலை காட்டக்கூடாது. ஆனாலும் தினமும் காலையில் எலும்பு சூப்பு தவறாமல் வருகிறது. உப்பில்லை, மிளகில்லை. மூடியைத் திறந்தால் வேகவைத்த வெறும் எலும்பின் வாடை. அந்த வாடை மூக்கில் ஏறினால் உடனே உங்கள் குரல் பின்னாலிருந்து கேட்கிற மாதிரி இருக்கிறது: "ஏலே டிப்ளமா, எம்புட்டு நேரமாலே ஊத்துவ?"

இன்னொன்று ஒரு காகிதப் பொட்டலம். உங்கள் மகன் காலையில் வைத்துவிட்டுப் போனது.

மகனைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் இந்தச் சூப்பு ஐஸ்.

1959 கோடையில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். சாணார்பட்டிப் பக்கத்தில் தக்காளி போடுகிற வீட்டுப் பையன், மெக்கானிக்கல் டிப்ளமா, அம்மோனியா மெஷினைப் பிரித்து மாட்டத் தெரியும். முதல் நாளே என் பெயரை எடுத்துப் போட்டுவிட்டு 'டிப்ளமா' என்று வைத்தீர்கள். அது பாராட்டு இல்லை. வால்வு ஒழுகினால் டிப்ளமா, கரண்டு போனால் டிப்ளமா, மழை பெய்து வியாபாரம் படுத்தால் கூட "டிப்ளமா வந்த நேரம்" என்றீர்கள்.

இரண்டாவது வாரம் இந்தத் தூக்குவாளியோடு வந்தீர்கள். அன்று அது வீட்டில் மிஞ்சிய சூப்பு. உப்பும் மிளகும் தூக்கலாக இருந்தது. "குச்சி ஐஸ் அச்சுல ஊத்தி உறைய வையி. பின்வாசல் நாய்களுக்கு" என்றீர்கள். நீங்கள் கேலி செய்கிறீர்கள் என்று நினைத்தேன். இல்லை. அச்சில் ஊற்றி உப்புத்தண்ணீர்த் தொட்டியில் இறக்கினேன். சர்க்கரைத் தண்ணீர் உறைகிற நேரம் முழுக்க ஆனது, அதற்கு மேலும் ஆனது. வெளியே எடுத்தால் கூழ். குச்சி கையோடு வந்தது, சூப்பு அச்சிலேயே நின்றது.

"உப்புப் போட்டா லேசுல உறையாது முதலாளி."

"உறையாதுன்னு சொல்லவா ஒனக்குச் சம்பளம்? உறைய வைக்கிறதுக்குத்தானே ஒன்ன வச்சிருக்கேன்."

"தொட்டியில இருக்கிறதும் உப்புத்தண்ணிதான். அது ஏன் உறையாம கெடக்குன்னு நெனச்சீங்க? உப்பு இல்லாம காய்ச்சிக் கொண்டாங்க, முக்கால் மணியில தாரேன். இன்னொண்ணு, உப்பைக் குடுத்தா நாய்க்குத் தாகம் கூடத்தான் செய்யும்."

என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள். "சரி, சட்டம் பேசாத" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். மறுநாள் உப்பில்லாத சூப்பு வந்தது. ஐந்து வருடத்தில் நான் சொன்னதை நீங்கள் மறுபேச்சில்லாமல் செய்தது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் ஒவ்வொரு நாளும் இரண்டு மணிக்கு அதே காட்சி. ஐஸ் பார் ஏற்றுகிற மேடையின்மேல் நீங்கள் நிற்பீர்கள். கீழே சாக்கடை. சாக்கடைக்கு அந்தப் பக்கம் நாய்கள். நாயின் எச்சில் வேட்டியில் பட்டால் மாற்றிக் கட்டாமல் தொழ மாட்டீர்கள். அதனால் நாய்கள் சாக்கடையைத் தாண்டக்கூடாது. தாண்டிய நாய்க்கு அன்றைக்கு ஐஸ் கிடையாது, கல்தான். குரைத்தாலும் கிடையாது. எல்லாம் உட்கார்ந்து வாயை மூடின பிறகுதான் குச்சியைப் பிடித்து ஒவ்வொன்றாக எறிவீர்கள். ஒரு நாயைக் கூட நீங்கள் தொட்டதில்லை, ஒன்றுக்கும் பெயர் வைத்ததில்லை. "தாகத்துக்குக் குடுக்கத் தொடணும்னு ஒண்ணும் இல்ல" என்று ஒருமுறை யாரிடமோ சொன்னீர்கள். தெருவில் உங்களைப் புண்ணியவான் என்றார்கள். தோல் மண்டியிலிருந்து வந்த ஒரு கிழவர் உங்கள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

ஏன் சிரிப்பு என்றால், அன்று காலையில்தான் மூக்கையாவைத் துப்ப வைத்தீர்கள். பார் இழுக்கிற மூக்கையா, கறுத்து ஒல்லியான மனுசன், வெயிலில் பன்னிரண்டு பார் வண்டியில் ஏற்றிவிட்டு, சிதறிக் கிடந்த ஒரு ஐஸ் சில்லை எடுத்து வாயில் போட்டான்.

"துப்புலே."

"மொதலாளி, தரையில கெடந்த சில்லுதான…"

"துப்புங்கிறேன்."

துப்பினான். அது மண்ணில் விழுந்து கரைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். நான் விடவில்லை. "நாய்க்கு உண்டு, மனுசனுக்குக் கிடையாதா?" என்று கேட்டேன்.

"மனுசனுக்குச் சம்பளம் குடுக்கேன். நாய்க்கு என்ன குடுக்கேன், சொல்லு?"

மூக்கையாவே சிரித்துவிட்டான். "இம்புட்டு நாளு இது தெரியாமப் போச்சே. மொதலாளி, நாளையிலருந்து நான் சாக்கடைக்கு அந்தப் பக்கம் போயி குந்திக்கிறேன், சம்பளம் வேணாம்" என்றான். உங்களுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டீர்கள். அடக்கியதை நான் பார்த்தேன். நல்ல மனிதர்கள் அடக்க மாட்டார்கள்.

அந்தச் சூப்பு ஐஸ் தருமமே இல்லை என்று எனக்குப் பிடிபட இரண்டு கோடை ஆயிற்று. முன்வாசலில் கோடை முழுக்கக் குழந்தைகள் கூட்டம். காலணாவும் அரையணாவும் கையில் வைத்துக்கொண்டு குச்சி ஐஸுக்கு நிற்கும். சொட்டுகிற தண்ணீருக்கு நாய்கள் குழந்தைகளின் காலடியில் வந்து படுக்கும். நீங்கள் நாய்களைப் பின்வாசலுக்கு இழுத்தீர்கள். இழுத்து, உட்கார வைத்து, ஒவ்வொன்றின் வாயையும் பார்த்தீர்கள். ஐஸை எறிந்துவிட்டு நீங்கள் ஒருநாளும் திரும்பி நடந்ததில்லை. எல்லாம் நக்கி முடிக்கிற வரைக்கும் மேடையிலேயே நின்றீர்கள். நான் மெஷினில் பிரஷர் கேஜ் பார்ப்பது மாதிரி நீங்கள் நாக்குப் பார்த்தீர்கள். அது தெரிந்த அன்றுதான் முதன்முதலாக உங்களை மதித்தேன். பிடித்ததா என்றால் இல்லை. மதித்தேன்.

பிறகு செவலை. நீங்கள் பெயர் வைக்காத நாய்களுக்கு நிறத்தைப் பார்த்து நானும் மூக்கையாவும் வைத்த பெயர்.

1961 மே மாதம். எட்டு நாய்களில் செவலைக்குத்தான் முதல் ஐஸ் விழும். மற்றதற்கெல்லாம் தோராயமாக எறிவீர்கள், அதற்கு மட்டும் குறி பார்த்து எறிவீர்கள். அது காற்றிலேயே கவ்வும். அன்றைக்குக் கவ்வவில்லை. ஐஸ் அதன் மூக்கில் பட்டுக் கீழே விழுந்தது. குனிந்து முகர்ந்தது. வாய் லேசாகத் திறந்தே இருந்தது, எச்சில் நூலாக வடிந்தது. முன்காலால் வாயைத் தட்டிக்கொண்டது. நக்கவில்லை.

நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "மூக்கையா, முன் கேட்டச் சாத்து. பிள்ளைகளை எல்லாம் உள்ள இழுத்துக்க. ஒருத்தன் சைக்கிள எடுத்துட்டு முனிசிபாலிட்டிக்குப் போ."

"செத்த நேரம் பொறுங்க முதலாளி, வாயில என்னன்னு பார்ப்போம்" என்றேன்.

"கிட்டப் போனா மொதல்ல ஒன்னயத்தான் அடிக்கச் சொல்வேன்."

மூங்கில் கழியோடு இரண்டு ஆட்கள் வருகிற வரைக்கும் செவலை அங்கே நிற்க வேண்டுமே? அதற்கு என்ன செய்தீர்கள் என்பதை உங்களுக்கு நினைவுபடுத்துகிறேன். இன்னொரு ஐஸை எடுத்துக் குச்சியைப் பிடித்தபடி மேடையிலிருந்து காட்டிக்கொண்டே நின்றீர்கள். நக்க முடியாத வாயோடு அது சாக்கடை ஓரம் வந்து உங்கள் கையைப் பார்த்தபடி உட்கார்ந்தது. ஐஸ் கரைந்து உங்கள் முழங்கை வரை வழிந்தது. கழிக்காரர்கள் பின்னால் வந்தது அதற்குத் தெரியாது. முதல் அடி இடுப்பில் விழுந்தது. கை பழகாத ஆட்கள். நாலைந்து அடி தேவைப்பட்டது.

மற்ற ஏழு நாய்களும் ஓடவில்லை. ஓடியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தங்கள் தங்கள் ஐஸை நக்கிக்கொண்டிருந்தன. ஒன்று, செவலைக்கு விழுந்ததையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிற்று.

செத்த நாயை அள்ளுகிற வண்டி வருவதற்குள் நான் அம்மோனியாக் கையுறையை மாட்டிக்கொண்டு குறடோடு இறங்கினேன். நீங்கள் மேலே இருந்து கத்தினீர்கள். காது கொடுக்கவில்லை. வாயைப் பிளந்தேன். மேல்வாயில் இரண்டு பக்கத்துக் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே குறுக்காக ஒரு எலும்புத் துண்டு, விரல் நீளம், உத்தரம் மாட்டின மாதிரி இறுகிக் கிடந்தது. குறடால் திருகித்தான் எடுக்க முடிந்தது. ஒரு முனையில் கறிக்கத்தி வெட்டு. தூக்குவாளியின் அடி வண்டல் அப்படியே அச்சுக்குள் போகும். எலும்புச் சில்லு ஐஸுக்குள் உறைந்து நிற்கும். ஐஸ் என்று கடித்திருக்கிறது. வெறியும் இல்லை ஒன்றும் இல்லை. நம்முடைய சூப்பு ஐஸ்தான் அதன் வாயைப் பூட்டியது. பூட்டிய வாயைப் பார்த்து நாமே அடித்தோம்.

எலும்பைக் கொண்டுவந்து உங்கள் மேஜைக் கண்ணாடியின்மேல் வைத்தேன். ஆட்கள் எல்லோரும் நின்றார்கள்.

"என்னலே இது?"

"இதுதான் நீங்க அடிக்கச் சொன்ன வெறி."

உங்கள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. எலும்பைப் பார்த்தீர்கள். என் கையைப் பார்த்தீர்கள். "கையக் கழுவுனியா?"

"கழுவுனேன்."

"சோப்புப் போட்டா? கீறல் கீறல் இருக்கா? காட்டு." இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போ. பிரஷர் பாரு" என்றீர்கள்.

மறுநாள் தொட்டியருகே நான் தனியாக இருந்தபோது வந்தீர்கள். என் முகத்தைப் பார்க்காமல் உப்புத்தண்ணீரைப் பார்த்துப் பேசினீர்கள். நீங்கள் என்னிடம் நீளமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். அதனால் வரி வரியாக நினைவிருக்கிறது.

"எனக்கு மூத்தது ஒண்ணு இருந்துச்சு. அக்கா. ஒம்பது வயசு. தெருவுல கெடந்த குட்டியத் தூக்கி மடியில வச்சிருந்துச்சு. அது லேசாப் பல்லு பதிச்சிருக்கு, ஒருத்தரும் பெருசா எடுக்கல. அப்பறம் தண்ணியக் காட்டுனா அலறும். தாகம் தாகம்னும், தண்ணியக் கொண்டு போனா அலறும். கட்டில்ல கட்டிப் போட்டாக. கால் பக்கத்துக் கயித்த நாந்தான் கட்டுனேன். நல்லா இறுக்குன்னாரு எங்க அத்தா. இறுக்குனேன்."

நான் தொட்டியில் அச்சுகளை நகர்த்திக்கொண்டிருந்தேன்.

"நீ எலும்புங்கிற. நான் பாத்தது நாக்கு. நாளைக்கும் அந்த மாதிரி நாக்கப் பாத்தேன்னா அடிக்கத்தான் சொல்வேன். நீ எத்தன எலும்பக் கொண்டாந்து வச்சாலும் சொல்வேன். தெரிஞ்சுக்க."

"கட்டிப்போட்டுப் பத்து நாள் பாத்திருக்கலாம் முதலாளி. வெறின்னா அதுக்குள்ள தானாச் செத்திருக்கும்."

"கட்டிப்போடவா?" என்றீர்கள். பிறகு போய்விட்டீர்கள்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எலும்பை எல்லோர் முன்னாலும் வைத்தது தப்பு என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. நீங்களும் செவலைக்காக ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் அன்று சூப்பு வந்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து நாலாக மடித்து அச்சின்மேல் விரித்து நீங்களே வடிகட்டினீர்கள். மூக்கையா கை நீட்டினான், கொடுக்கவில்லை. நான் கம்பி வலை செய்து தருகிறேன் என்றேன், "ஒன் வேலையப் பாரு" என்றீர்கள். சாகிற வாரம் வரைக்கும் வேறு யாரையும் வடிகட்ட விட்டதில்லை. அந்தத் துண்டு இப்போதும் தொட்டியறை ஆணியில் தொங்குகிறது. மூன்று வாரமாக அதில்தான் நான் வடிகட்டுகிறேன். எத்தனை துவைத்தாலும் வாடை போகவில்லை.

இனி உங்கள் மகன். மெட்ராஸில் படித்துவிட்டு வந்தவர், உங்களை விட மரியாதையாகப் பேசுகிறார். கப் ஐஸ்கிரீம் போடப் போகிறாராம். லைசென்ஸுக்கு வியாழக்கிழமை சுகாதார இன்ஸ்பெக்டர் வருகிறார். காலையில் என்னைக் கூப்பிட்டுப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார்.

"பின்னாடி ஒரு நாய் நிக்கக்கூடாதுப்பா. முனிசிபாலிட்டியில சொல்லி மருந்து வாங்கியாச்சு."

"அவங்க ஆளை விட்டுப் பிடிச்சுட்டுப் போகட்டுமே."

"பட்டப்பகல்ல கழியத் தூக்கிட்டு வந்தா தெருவே கூடும். அத்தா பேரு என்ன ஆகுறது? எங்க அத்தா குடுக்கிற ஐஸ்னா அதுக மோந்து கூடப் பாக்காது, கவ்விரும். நாளைக்கு ஊத்துறப்ப ஏழு அச்சுலயும் போட்டுரு. சத்தமில்லாம முடிஞ்சிரும்."

"வீட்டம்மா காய்ச்சி அனுப்புற சூப்புலயா?"

"அம்மாட்ட யாரு சொல்லப்போறா? நீயா? நீ மெஷின் ஆளு டிப்ளமா. மெஷின மட்டும் பாரு."

அந்தப் பெயரை நீங்கள் வைத்தீர்கள், நீங்கள் கூப்பிட்டீர்கள், அது வசவாகவே இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும். இவர் கூப்பிட்டபோது எனக்கு அறையத் தோன்றியது. ஆனாலும் இந்த யோசனை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று நான் ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. நாயை அசையாமல் நிற்க வைக்க ஐஸ் போதும் என்று இந்தப் பாக்டரியில் முதலில் செய்து காட்டியவர் நீங்கள். குறை அவரிடம் மட்டும் இல்லை, முதலாளி. நீங்கள் நாக்கைப் பார்த்தாவது செய்தீர்கள். அவர் பார்க்கவே இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்காகத்தான் நான் உங்களிடம் ஐந்து வருடம் நின்றேன் போலிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை அவர் உங்கள் மேஜை டிராயரைக் காலி செய்தார். தஸ்பீஹ் மணிமாலை, மூக்குப்பொடி டப்பி, சாவிகள், கூடவே ஒரு கைக்குட்டை முடிச்சு. அவிழ்த்தார். அந்த எலும்பு. மூன்று வருடமாக வைத்திருந்திருக்கிறீர்கள். "இது என்ன கருமம்" என்று ஜன்னல் வழியாகப் பின்வாசலுக்கு வீசினார். வெளியே நாய்கள் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. எது கவ்வியது என்று நான் எழுந்து பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

இன்றைக்கு நக்காதது கரி. கறுப்பு, பெட்டை, வரிசையில் எப்போதும் கடைசியில் உட்காருவது. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. எச்சில் வடிகிறது. முன்காலால் தட்டுகிறது. செவலையிடம் நீங்கள் பார்த்த அதேதான், ஒன்று கூடக் குறையவில்லை. இந்த மூன்று வாரமும் சூப்பை வடிகட்டியது நான். நம்முடைய அச்சிலிருந்து சில்லு போக வழியில்லை. ஆனால் கறிக்கடை வாசலில் எலும்புக்குப் பஞ்சமில்லை, டிராயர் எலும்பும் இருக்கிறது. வெறியாகவும் இருக்கலாம். மேடையில் நின்றுகொண்டு எது என்று சொல்ல எந்தக் காலேஜிலும் சொல்லித் தரவில்லை.

உங்கள் மகனிடம் சொன்னால், "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று இன்றைக்கே ஏழு நாயையும் முடித்துவிடுவார். சொல்லாமல் விட்டு, அது வெறியாக இருந்து, முன்வாசலில் நிற்கிற ஒரு குழந்தையைத் தொட்டுவிட்டால், அந்தக் குழந்தையின் காலில் கயிறு கட்டுகிறவன் நான்தான். உங்கள் இடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிகிறது. நன்றாக இல்லை. உங்களை மன்னிக்கவும் தோன்றவில்லை.

ஆறு நாய்களும் நக்கி முடித்துப் படுத்துவிட்டன. கரி தன் ஐஸின் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அது கரைந்து குச்சி மட்டும் கிடக்கிறது. அப்படியும் எழுந்து போகவில்லை. மேடையைப் பார்க்கிறது. அங்கே நீங்கள் இல்லை என்று அதற்கு இன்னும் உறைக்கவில்லை. இதற்கு மேல் எழுத நேரமில்லை.

இனிச் செய்யப்போவது:

1. முன் கேட்டைச் சாத்துவேன். குச்சி ஐஸுக்கு நிற்கிற பிள்ளைகளை மூக்கையா உள்ளே இழுத்துக்கொள்வான். அதுவரைக்கும் நீங்கள் செய்ததேதான்.

2. ஒரு அங்குலக் குழாய்க்குள் கயிறு விட்டுச் சுருக்குப் போட்டு, எட்ட நின்றே கரியைப் பிடித்து, காலியாகக் கிடக்கிற உப்புக் கொட்டகையில் கட்டிப்போடுவேன். ஆமாம் முதலாளி, கட்டிப்போடுவேன். ஐஸ் காட்டிப் பிடிக்க மாட்டேன்.

3. கையுறை, டார்ச், நீளக் குறடு. வாயில் எலும்பு தெரிந்தால் இழுத்துப் போட்டுவிட்டு அவிழ்த்துவிடுவேன். அது உங்கள் எலும்பாக இருந்தால் தொட்டிக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைப்பேன். இனி யார் டிராயரிலும் அது இருக்க வேண்டாம்.

4. எலும்பு இல்லையென்றால் பத்து நாள். தினம் தண்ணீர் வைத்துப் பார்ப்பேன். செவலைக்கு நீங்கள் கொடுக்காத பத்து நாள்.

5. வெறிதான் என்று ஆகிவிட்டால் கழிக்காரர்களைக் கூப்பிட மாட்டேன். நானே செய்வேன். ஒரே அடி. மற்ற ஆறும் பார்க்காத இடத்தில்.

6. பொட்டலத்தைப் பிரிக்காமல் கொண்டுபோய் உங்கள் மேஜைக் கண்ணாடியின்மேல், முன்னே எலும்பு வைத்த அதே இடத்தில் வைப்பேன். நாயின் நாக்கை எப்படிப் பார்ப்பது என்று உங்கள் மகனுக்கு ஒரே ஒரு தடவை சொல்வேன். புரிந்தால் சரி. புரியாவிட்டால் அந்தக் கம்ப்ரசரை அவரே ஓட்டிக்கொள்ளட்டும்.

7. நாளை இரண்டு மணி ஐஸுக்கு, உங்கள் துண்டில் வடிகட்டி, உப்பில்லாமல், ஏழு அச்சு ஊற்றுவேன். ஏழாவதை எறிய வாய்க்குமா என்று தெரியாது. ஊற்றிவிடுவேன்.